வீச்சு ரொட்டிக்குள் கடுகு: கதிர்ச் சிகிச்சையில் படப் பொருத்தத்தைச் சோதிப்பது எப்படி?

"தம்பி, இது லூசாப் போச்சு" என்றார் ஐயா, மேசையில் படுத்தபடியே முகமூடியைத் தட்டிக் காட்டி.

கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். நாற்பது வருடம் வெற்றிலை, புகையிலை. இப்போது நாக்கின் அடியில் புற்று. ஏழு வாரம், 35 தடவை, மொத்தம் 70 கிறே (கதிர் அளவின் அலகு) கதிர் என்று வைத்தியர் எழுதியிருந்தார். வீடுகளில் இதைக் 'கரண்ட் பிடிக்கிறது' என்பார்கள். உண்மையில் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. பாய்வது எக்ஸ் கதிர்தான். தலை அசையாமலிருக்க, வெந்நீரில் இளக்கிய வலை போன்ற பிளாஸ்டிக்கை முகத்தில் அழுத்தி ஆறவிட்டு ஒரு முகமூடி செய்வோம். முதல் நாள் அது தோலோடு தோலாக இருந்தது. நான்காவது வாரம் கன்னத்துக்கும் முகமூடிக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போய் வந்தது. தொண்டை புண்ணாகி வெறும் கஞ்சியோடு நாளைக் கடத்துகிற மனிதர் மெலியாமல் என்ன செய்வார்?

மெலிவது கன்னம் மட்டுமல்ல. காதடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியும் கதிர் பட்டுச் சுருங்கும். சுருங்கும்போது கொஞ்சம் உட்பக்கமாக நகரவும் செய்யும். உட்பக்கம் என்றால் புற்று இருக்கும் பக்கம், அதாவது கதிர் கூடுதலாக விழும் பக்கம். திட்டம் போட்ட நாளில் காப்பாற்றி வைத்த சுரப்பி, நாலு வாரம் கழித்துத் தானாகவே நெருப்புக்குக் கிட்டப் போய் உட்கார்ந்திருக்கும்.

புதிதாக ஒரு சீரி (CT) ஸ்கேன் எடுத்தோம். வைத்தியர் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த இடப்பக்கச் சுரப்பிக்கு இதுவரை உண்மையில எவ்வளவு போயிருக்கு?"

கூட்டல் கணக்கு மாதிரித்தான் தெரியும். முதல் வாரங்களின் கதிர் அளவையும் இப்போதைய அளவையும் கூட்டிவிட்டால் சரி. ஆனால் எதோடு எதைக் கூட்டுவது? பழைய ஸ்கேனில் ஒரு புள்ளியில் இருந்த இழையம் புதிய ஸ்கேனில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் கூட்ட முடியும். அந்த 'எங்கே'யைக் கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் படப் பொருத்தல் என்று பெயர். அது சொல்லும் 'எங்கே' சரியா, பிழையா என்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மண்டையோடு மாதிரி வளையாத பொருள் என்றால் வேலை சுலபம். இரண்டு கண்ணாடித் தாள்களில் ஒரே படத்தை வரைந்து, ஒன்றை நகர்த்தியும் திருப்பியும் மற்றதன்மேல் சரியாக உட்கார வைப்பது போல. ஆறே ஆறு எண்கள் போதும்: மூன்று திசையில் நகர்வு, மூன்று திசையில் திருப்பம். இது விறைப்புப் பொருத்தல். கழுத்து, நுரையீரல், சலப்பை போன்றவற்றுக்கு இது போதாது. அவை இழுபடும், சுருங்கும், வீங்கும். அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக 'நீ இங்கிருந்து இவ்வளவு தூரம், இந்தத் திசையில் போயிருக்கிறாய்' என்று ஓர் அம்பு போடவேண்டும். இதை நெகிழ்வுப் பொருத்தல் என்போம். ஒரு சீரி துண்டில் 512க்கு 512 புள்ளிகள். 150 துண்டு இருந்தால் கிட்டத்தட்ட 4 கோடி வோக்சல்கள், அதாவது முப்பரிமாணப் படத்தின் சின்னஞ்சிறு பெட்டிகள். அத்தனைக்கும் அம்பு. அத்தனை அம்பையும் எந்த மனிதரும் உட்கார்ந்து சரிபார்க்கப் போவதில்லை. சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

ரொட்டி மேசை

மாலையில் கொழும்பில் எந்தக் கொத்துக் கடை வாசலிலும் நின்று பாருங்கள். எண்ணெயில் ஊறிய மா உருண்டையை எடுத்து, உள்ளங்கையால் தட்டி, இரண்டு வீச்சில் மேசை அகலத்துக்கு விரித்துவிடுவார் ரொட்டி போடுபவர். அந்த உருண்டைக்குள் ஐம்பது கடுகைப் பதித்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். உருண்டையாக இருந்தபோது ஒரு படம், விரித்த பிறகு ஒரு படம். முதல் படத்தின் ஒவ்வொரு கடுகும் இரண்டாவது படத்தில் எங்கே?

கடுகு கண்ணுக்குத் தெரிந்தால் பிரச்சினையே இல்லை. உடம்பின் பெரும் பகுதி கடுகில்லாத மா. ஒரு ஸ்கேனில் ஈரலின் நடுப்பகுதியைப் பார்த்தால் ஒரே சாம்பல் நிறம். அங்கே ஒரு புள்ளியை அடுத்த புள்ளியிலிருந்து பிரித்தறிய எதுவுமே இல்லை. கணினிக்குத் தெளிவாகத் தெரிவது விளிம்புதான். விளிம்பை விளிம்போடு சேர்த்துவிட்டு, நடுவில் இருப்பவை 'அப்படியே மெல்ல மெல்ல இழுபட்டிருக்கும்' என்று ஊகிக்கிறது.

உள்ளே நடப்பது இரண்டு ஆட்களின் கயிறிழுப்பு. 'படங்கள் ஒன்றுபோல் தெரியவேண்டும்' என்று ஒருவர் இழுப்பார். 'அம்புகள் பக்கத்து அம்புகளோடு ஒத்துப்போக வேண்டும், திடீரென்று தாவக்கூடாது' என்று மற்றவர் இழுப்பார். முதல் ஆளை வலுப்படுத்தினால் படம் அச்சொட்டாகப் பொருந்தும், ஆனால் உள்ளே அம்புகள் கண்டபடி முறுகும். இரண்டாம் ஆளை வலுப்படுத்தினால் அம்புகள் ஒழுங்காக நிற்கும், ஆனால் சுரப்பி பொருந்தாது. முறைகள் பல. 1998இல் ழான் பிலிப் தீரியோன் வெளியிட்டதற்கு, பௌதிகவியலாளர் மக்ஸ்வெல்லின் கற்பனைப் பூதத்தை வைத்துப் 'பூதங்கள்' என்றே பெயர். 1999இல் டானியல் ருக்கர்ட்டும் கூட்டாளிகளும் மார்பக எம்.ஆர்.ஐ. படங்களுக்குக் கையாண்டது, படத்தின்மேல் ஒரு வலையைப் போட்டு அதன் முடிச்சுகளை இழுப்பது போன்றது. எந்த முறையானாலும் இந்தக் கயிறிழுப்பு உண்டு. யாருக்கு எவ்வளவு பலம் என்பதை ஒரு மனிதர் ஒரு பெட்டியில் எண்ணாகத் தட்டித்தான் கொடுக்கிறார்.

ஆகவே 'மென்பொருள் பொருத்திவிட்டது' என்பதற்கு அர்த்தம், 'இந்த அமைப்பில் அதற்குச் சரியாகப் பட்ட ஒரு பதிலைத் தந்திருக்கிறது' என்பது மட்டும்தான். ஒரே இரண்டு படங்களுக்கு வேறு வேறு பதில்கள் சாத்தியம். எல்லாமே திரையில் அழகாக இருக்கும்.

அழகு ஏமாற்றும்

பொருத்தியவுடன் எல்லோரும் செய்வது, இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டுப் பார்ப்பது, அல்லது தாம் பலகை மாதிரிச் சதுரம் சதுரமாக மாற்றி மாற்றிக் காட்டுவது. எலும்பின் கோடு ஒரு சதுரத்திலிருந்து அடுத்த சதுரத்துக்கு முறியாமல் ஓடினால் 'சூப்பர்' என்போம். செய்யத்தான் வேண்டும், பெரிய பிழைகள் இதிலேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் இது சோதனையின் வாசற்படி மட்டும்.

டோர்ஸ்டன் ரோல்ஃபிங் என்ற ஆய்வாளர் 2012இல் இதைக் கொஞ்சம் குறும்பாகவே நிரூபித்தார். அவர் செய்த கருவிக்கு 'முழுக்க முழுக்க உதவாத பொருத்தற் கருவி' என்று தானே பெயர் வைத்தார். அது உடலமைப்பைப் பற்றிக் கவலைப்படாது. ஒரு படத்தின் புள்ளிகளை வெளிச்சத்தின் வரிசையில் அடுக்கி, அதே வரிசையில் மற்றப் படத்தின் புள்ளிகளோடு சேர்த்துவிடும். மூக்கில் இருந்த புள்ளி பிடரியில் போய் உட்கார்ந்தாலும் அதற்குக் கவலையில்லை. விளைவு? படங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரிந்தன. பரவலாகப் பயன்படுத்தப்படும் ஒற்றுமை அளவுகளிலும், இழையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் அளவிலும் அது உயர்ந்த புள்ளி வாங்கியது. பொருத்தம் என்ற வகையில் அது குப்பை. பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கும் கதை இது.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது?

முதலில் வருவது டைஸ் எண். இது மருத்துவத்தில் பிறந்ததல்ல. லீ டைஸ் என்ற சூழலியலாளர் இரண்டு உயிரினங்கள் எவ்வளவு தூரம் சேர்ந்து வாழ்கின்றன என்று பார்க்க 1945இல் எழுதிய சூத்திரம். கணினி கொண்டுவந்த சுரப்பியின் எல்லைக்கோடு ஒன்று, வைத்தியர் புதிய படத்தில் கையால் வரைந்த கோடு ஒன்று. இரண்டும் சேர்ந்து மூடுகிற பருமனை இரட்டித்து, இரண்டின் பருமன்களின் கூட்டுத்தொகையால் பிரித்தால் டைஸ். முழுப் பொருத்தம் 1, தொடவே இல்லை என்றால் 0.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 சென்ரிமீற்றர் ஆரமுள்ள ஓர் உருண்டையைச் சுற்றிவர 2 மில்லிமீற்றர் சிறிதாக வரைந்துவிட்டோம். டைஸ் 0.94. பிரமாதம் என்று தோன்றும். அதே 2 மில்லிமீற்றர் பிழையை 1 சென்ரிமீற்றர் ஆரமுள்ள உருண்டையில் விடுங்கள். டைஸ் 0.68. பிழை ஒன்றுதான். பெரிய உறுப்புக்கு அது மன்னிப்பு, சின்ன உறுப்புக்குத் தண்டனை. அதனால் ஈரலின் 0.94ஐயும் பார்வை நரம்பின் 0.68ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அநியாயம். இரண்டு எல்லைக்கோடுகளுக்கும் இடையிலான சராசரித் தூரத்தை மில்லிமீற்றரில் அளப்பது இதைவிட நேர்மையானது. கூடவே மிக மோசமான ஓர் இடத்தில் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் பார்க்கலாம். அதற்கு ஹவுஸ்டோர்ஃப் தூரம் என்று கணிதக்காரர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எது எப்படியோ, இவை எல்லாம் விளிம்பைத்தான் அளக்கின்றன. ரொட்டியின் ஓரம் சரியாக விழுந்திருக்கிறதா என்பதற்குப் பதில் கிடைக்கும். கடுகு எங்கே என்பதற்குக் கிடைக்காது. உருண்டையைத் தட்டுவதற்கு முன் கால் வட்டம் சுழற்றிவிட்டு விரித்தால் ஓரம் அதே வட்டம், டைஸ் 1. உள்ளே அத்தனை கடுகும் இடம் மாறிப் போயிருக்கும்.

கடுகைத் தேடிப் பிடித்தல்

உடம்பில் கடுகு குறைவு என்றேன். இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. நுரையீரலில் குருதிக்குழாயும் மூச்சுக்குழாயும் கிளை பிரியும் இடங்கள் ஏராளம். கழுத்தில் முள்ளெலும்புகளின் நுனி, தொண்டை எலும்பின் கொம்பு, சுண்ணாம்பு படிந்த புள்ளிகள், சத்திரசிகிச்சையில் விட்ட கிளிப். இப்படி இரண்டு படத்திலும் ஐயமில்லாமல் அடையாளம் காணக்கூடிய புள்ளிகளை ஒரு மனிதர் குறிப்பார். பழைய படத்தின் புள்ளியைக் கணினியின் அம்பு எங்கே கொண்டுபோய் வைக்கிறது, மனிதர் புதிய படத்தில் எங்கே குறித்தார் என்ற இரண்டுக்கும் உள்ள தூரம்தான் இலக்குப் பிழை. ஒரு திசையில் 2, மற்றதில் 1, மூன்றாவதில் 2 மில்லிமீற்றர் விலகினால் பிழை 3 மில்லிமீற்றர். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பைதகரஸ்தான், ஒரு பரிமாணம் கூடியிருக்கிறது.

அமெரிக்காவில் ரிச்சர்ட் காஸ்டியோவும் குழுவினரும் பத்து நோயாளிகளின் மூச்சோடு எடுத்த ஸ்கேன்களில், ஒவ்வொன்றிலும் 300 சோடிப் புள்ளிகளைக் குறித்துப் பொதுவில் விட்டிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பின் பெயர் டிர் லாப். சொன்னால் இந்தத் துறையில் யாருக்கும் விளங்கும். கொழும்பில் உட்கார்ந்துகொண்டு நாங்களும் இறக்கிச் சோதிக்கலாம். ஒரு சதம் செலவில்லை. மென்பொருள் புதிதாக வாங்கியவுடன் செய்யவேண்டிய முதல் வேலைகளில் இதை ஒன்றாக வைப்பேன்.

ஐயாவின் படங்களுக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளையிடம் பன்னிரண்டு புள்ளிகள் குறிக்கச் சொன்னேன். ஒரு நாள் விட்டு மறுபடி குறிக்கச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"சேர், முதல் தரம் செய்தது பிழையா?"

பிழையில்லை. ஒரே கை, ஒரே புள்ளி, இரண்டு நாள். அதற்குள்ளேயே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம். அளவுகோலின் தடிப்பு தெரியாமல் பொருளை அளக்க முடியாது. குறிப்பவருக்கே ஒரு மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தால், 'எங்கள் மென்பொருளின் பிழை 0.4 மில்லிமீற்றர்' என்று விளம்பரத்தாளில் பார்க்கும்போது சிரிப்பு வரவேண்டும்.

பிறகு அவள் சராசரி எடுத்துக்கொண்டு வந்தாள்: 2.2. ஸ்கேன் துண்டின் தடிப்பு 3 மில்லிமீற்றர். பிழை அந்தத் தடிப்புக்குள் நின்றதால் பாஸ் என்று எழுதியிருந்தாள். பட்டியலைக் காட்டு என்றேன். பத்துப் புள்ளிகளில் பிழை ஒரு மில்லிமீற்றர் அளவு. இரண்டில் எட்டு. அந்த இரண்டும் நாக்கின் அடியில். சராசரி என்பது வெள்ளவத்தை வீட்டு வாடகையையும் வத்தளை வீட்டு வாடகையையும் கூட்டி இரண்டால் பிரிப்பது மாதிரி. அந்த வாடகைக்கு எங்குமே வீடு இருக்காது. எனக்கு எப்போதும் முழுப் பட்டியல் வேண்டும், மிக மோசமான எண் வேண்டும், அது எந்த இடத்தில் என்பதும் வேண்டும்.

நம்முடைய கேள்வி சுரப்பியைப் பற்றியது. அதற்குள் கடுகு உண்டா? ஒன்று கிடைத்தது. காதடிச் சுரப்பிக்கு ஊடாக ஒரு நாளம் இறங்கி ஓடும். ஊசியால் மருந்தேற்றி எடுத்த ஸ்கேனில் அது வெள்ளையாகத் தெரியும். இரண்டு படத்திலும் அந்த நாளத்தை மூன்று மட்டத்தில் பிடித்து அளந்தோம். விளிம்பைத் தாண்டி உள்ளே பார்க்கக் கிடைத்த ஒரே சாளரம் அதுதான்.

இந்த முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. மனிதருக்குக் கண்ணில் படுகிற புள்ளி கணினிக்கும் கண்ணில் படும். ஆகவே அங்கே அது நன்றாகத்தான் செய்யும். எந்த அடையாளமும் இல்லாத சாம்பல் வெளியில் எப்படிச் செய்கிறது என்பதை அடையாளப் புள்ளிகள் ஒருபோதும் சொல்லமாட்டா.

விடை தெரிந்த பரீட்சை

சாம்பல் வெளியைச் சோதிக்க ஒரு வழி, விடையை நாமே எழுதி வைத்துக்கொள்வது. ஒரு ஸ்கேனை எடுத்து, நமக்குத் தெரிந்த அம்புகளால் கணினியில் வேண்டுமென்றே உருமாற்றிப் புதிய படம் ஒன்று செய்வோம். பிறகு மென்பொருளிடம் இரண்டையும் கொடுத்து அம்புகளைக் கண்டுபிடி என்போம். 4 கோடி இடத்திலும் விடை கையில் இருக்கிறது, ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். இது எண்ணியல் மாதிரி உடல். கையால் தொடக்கூடிய மாதிரி உடல்களும் உண்டு: அழுத்தினால் அமுங்கும் பஞ்சு, ஜெல், ரப்பர், உள்ளே சிறு குண்டுகள். அமுக்குவதற்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தால், இங்கே கடுகு நாமே போட்டது. சோதிக்கும்போது அந்தக் குண்டுகள் மென்பொருளின் கண்ணில் படாமல் படத்திலிருந்து மறைத்துவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் அது குண்டைப் பிடித்துக்கொண்டே வழி கண்டுபிடித்துவிடும்.

எண்ணியல் மாதிரியில் நான் பார்த்த பெரிய ஏமாற்று ஒன்று. உருமாற்றத்தைச் செய்யப் பயன்படுத்திய கணித முறையும் சோதிக்கப்படும் மென்பொருளின் முறையும் ஒன்றாகவே இருந்துவிடும். வலை முடிச்சை இழுத்து உருமாற்றிய படத்தை, வலை முடிச்சை இழுத்துப் பொருத்தும் மென்பொருளிடம் கொடுத்தால் அது பிரமாதமாகச் செய்யாமல் என்ன செய்யும்? ரியூஷன் மாஸ்டரே ஏ.எல். வினாத்தாளையும் தயாரித்தால் அவருடைய வகுப்பில் எல்லோருக்கும் ஏ வரும். நிஜ உடம்பு அந்த மாஸ்டரிடம் படிக்கவில்லை.

நிஜ உடம்பு செய்யும் சேட்டைக்கு நுரையீரல் நல்ல உதாரணம். மூச்சு விடும்போது நுரையீரல் மேலும் கீழும் போகும், ஒட்டி நிற்கும் விலா எலும்பு அவ்வளவாக நகராது. வெள்ளவத்தை நிலையத்திலிருந்து ரயில் புறப்படும்போது வாசலில் தொங்குபவருக்கும் மேடையில் நிற்பவருக்கும் இடையே ஓர் அடிதான். ஆனால் ஒருவர் போகிறார், மற்றவர் நிற்கிறார். 'பக்கத்துப் பக்கத்து அம்புகள் ஒத்துப்போகவேண்டும்' என்ற விதி அங்கே பொய். விதியை அப்படியே பிடித்துக்கொள்ளும் மென்பொருள், நுரையீரலை நிறுத்திவிடும் அல்லது விலாவை நகர்த்திவிடும். குடலில் வாயு ஒரு நாள் இருந்து மறுநாள் இல்லாமல் போவதும் இதே வகைத் தொல்லை.

வளைந்துபோன தாடை

எனக்குப் பிடித்த சோதனைக்குப் புள்ளி குறிக்கவும் தேவையில்லை, எல்லைக்கோடும் தேவையில்லை. அம்புகளை மட்டும் பார்த்தால் போதும்.

ஒரு சிறு கனசதுரத்தை எடுங்கள். அம்புகள் அதை நகர்த்திய பிறகு அதன் பருமன் எத்தனை மடங்காக இருக்கிறது? இந்த எண்ணுக்கு ஜக்கோபியன் என்று பெயர். 1 என்றால் பருமன் மாறவில்லை. 0.8 என்றால் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கிறது. 1.2 என்றால் வீங்கியிருக்கிறது. மறை எண் (பூச்சியத்துக்குக் கீழே) வந்தால்? அந்தக் கனசதுரம் உள்வெளியாகப் புரட்டப்பட்டிருக்கிறது, அதாவது ரொட்டி மடிந்து தன்மேலேயே விழுந்திருக்கிறது. கடையில் முட்டை ரொட்டிக்கு மடிப்பது சரி. மனித இழையம் அப்படி மடிவதில்லை. மறை எண் ஒன்றிரண்டு கண்ணில் பட்டாலும் அந்த இடத்தின் பதிலை நம்பக்கூடாது.

மறை எண் இல்லை என்பதோடு நிறுத்தவும் கூடாது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், வேறு ஓரிடத்தில், ஒரு பொருத்தத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட இருந்தேன். மேலடுக்குப் படம் பளிச்சென்று இருந்தது, டைஸ் நன்றாக இருந்தது. எனக்கு மேலிருந்த அக்கா வந்து, "தாடையில ஜக்கோபியன் போட்டுக் காட்டும்" என்றார். போட்டேன். தாடை எலும்பின் ஒரு பக்கம் 1.3, இன்னொரு பக்கம் 0.7. மூன்று வாரத்தில் ஒரு மனிதரின் தாடை எலும்பு ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சுருங்கியிருப்பதாக நான் சான்றிதழ் கொடுக்கப் போயிருக்கிறேன்! காரணம் பல்லில் அடைத்திருந்த உலோகம். சீரி படத்தில் அதிலிருந்து நட்சத்திரம் போலக் கோடுகள் சிதறும். இரண்டு ஸ்கேனிலும் கழுத்துச் சாய்வு கொஞ்சம் மாறியிருந்ததால் கோடுகளும் மாறி விழுந்திருந்தன. மென்பொருள் அந்தக் கோடுகளை இழையம் என்று நம்பி இழுத்திருக்கிறது. அன்றிலிருந்து எலும்பு எனக்குக் காசில்லாத சாட்சி. எலும்பில் 1 வரவேண்டும். வராவிட்டால் பக்கத்துச் சதையின் அம்பையும் சந்தேகப்படுவேன்.

இன்னொரு சோதனை போய் வருவது. பழைய படத்திலிருந்து புதியதுக்கு அம்பு, பிறகு புதியதிலிருந்து பழையதுக்கு அம்பு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். வராவிட்டால் பிழை நிச்சயம். வந்தால் சரி நிச்சயமா? இல்லை. 100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்குப் போய்வந்தேன் என்று இரவு வீட்டுக்கு வந்து சொல்பவர் வெள்ளவத்தைச் சந்தியிலேயே தேநீர் குடித்துவிட்டும் வந்திருக்கலாம். எல்லா அம்பும் பூச்சியம் என்று விட்டாலும் இந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு.

2017இல் அமெரிக்க மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கத்தின் 132ஆம் பணிக்குழு வெளியிட்ட அறிக்கையில் இவற்றுக்கெல்லாம் எல்லைகள் இருக்கின்றன. இலக்குப் பிழை வோக்சலின் மிகப் பெரிய பக்கத்துக்குள், அதாவது 2 முதல் 3 மில்லிமீற்றருக்குள், எல்லைக்கோட்டுச் சராசரித் தூரமும் அந்த அளவு, டைஸ் 0.8 முதல் 0.9, ஜக்கோபியனில் மறை எண் கூடாது, போய்வரும் பிழை ஒரு வோக்சலுக்குள். நாங்களும் அதைத்தான் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஆனால் அந்த எண்களைத் தாண்டினால் வெற்றி, தாண்டாவிட்டால் தோல்வி என்று பரீட்சைப் பெறுபேறு போல வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எதற்காகப் பொருத்துகிறோம் என்பதைக் கேட்காமல் 3 மில்லிமீற்றர் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது.

பழைய படத்தின் எல்லைக்கோட்டைப் புதிய படத்துக்குக் கொண்டுவரப் பொருத்தினால், 3 மில்லிமீற்றர் பிழை ஒரு பொருட்டே அல்ல. வைத்தியர் கண்ணால் பார்த்து அரை நிமிடத்தில் திருத்துவார். கதிர் அளவைக் கூட்டுவதற்கு என்றால் கதை வேறு. அங்கே பிழை திரையில் தெரியாது, எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். எவ்வளவு ஒளிந்திருக்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. கதிர் அளவு சமதரையாக இருக்கும் இடத்தில் 3 மில்லிமீற்றர் தள்ளிப் போனாலும் எண் மாறாது. செங்குத்தாக இறங்கும் இடத்தில், மில்லிமீற்றருக்கு 2 கிறே வீதம் குறைகிறது என்று வையுங்கள், அதே 3 மில்லிமீற்றர் 6 கிறே ஆகிவிடும். காதடிச் சுரப்பியைக் காப்பாற்றத்தானே அந்தச் சரிவை அங்கே வைத்துத் திட்டம் போட்டோம். ஆகவே பொருத்தம் மிகத் துல்லியமாக இருக்கவேண்டிய இடமும் அதுதான்.

சுருங்கி மறைந்த புற்று இன்னும் பெரிய தலையிடி. ரொட்டி போடும்போது ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துவிட்டால், அந்தத் துண்டில் இருந்த கடுகு விரித்த ரொட்டியில் எங்கே? எங்கும் இல்லை. கேள்விக்கு விடையே கிடையாது. மென்பொருள் மட்டும் சளைக்காமல் ஏதாவது ஓரிடத்தைக் காட்டும். பட்டியலில் எட்டு மில்லிமீற்றர் காட்டிய இரண்டு புள்ளிகளும் ஐயாவின் நாக்கின் அடியில், புற்று பாதியாகச் சுருங்கிய இடத்தின் ஓரத்தில் இருந்தவை. அதில் நாக்கு விழுங்கும்போது அசைவதும் சேர்ந்திருக்கலாம்.

வைத்தியரிடம் போனபோது மூன்று விதமாகக் கணக்கிட்ட தாளோடு போனேன். வழக்கமான அமைப்பில் ஒன்று, கயிறிழுப்பின் பலத்தை மாற்றி ஒன்று, நாளத்தில் அளந்த பிழையளவுக்குச் சுரப்பியை உள்ளேயும் வெளியேயும் தள்ளி ஒன்று. இடப்பக்கச் சுரப்பியின் சராசரி, இப்படியே போனால் சிகிச்சை முடியும்போது 27 முதல் 30 கிறே வரை வரும். முதல் திட்டத்தில் இருந்தது 25.

"ஒரு நம்பராச் சொல்லுமன்" என்றார்.

"ஒரு நம்பர் இல்லை, டொக்டர். கீழ் எல்லையை எடுத்தாலும் திட்டத்தைத் தாண்டிட்டுது."

கொஞ்சம் யோசித்துவிட்டுப் புதிய முகமூடி, புதிய திட்டம் என்று எழுதினார். சுரப்பிக்கு 27–30 என்ற வரியை அறிக்கையில் அப்படியே விட்டேன். நாக்கின் அடிக்கு எதிரே எண் போடவில்லை. 'புற்று சுருங்கியுள்ளது, இங்கு கூட்டல் செய்யப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.